பழைய கான்கிரீட் தளத்தின் மேலேயே பேவர் பிளாக் பாவலாமா?

மேடவாக்கம் பக்கம் வீடு வைத்திருக்கும் நண்பர் கேட்டிருப்பதன் சாரம் இது. கேட்டிலிருந்து போர்டிகோ வரை 28 அடி நீளம், 11 அடி அகலத்துக்கு 4 அங்குலக் கனத்தில் கான்கிரீட் தளம் இருக்கிறது. போட்டுப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. நடுவில் குறுக்கே ஒரு விரிசல் ஓடுகிறது, சம்ப் (தரைக்கு அடியில் உள்ள நீர்த்தொட்டி) இருக்கும் மூலை சற்று அமுங்கியிருக்கிறது. போர்டிகோ தரை அந்தத் தளத்தைவிட 7 அங்குலம் உயரம், கேட் பக்கம் 3 அங்குலம் தாழ்வு. வந்து பார்த்த ஒப்பந்தக்காரர்களில் ஒருவர், மணலைக் கொட்டி அதன் மேலேயே பேவர் பிளாக் எனும் கான்கிரீட் கற்களைப் பாவிவிடலாம், இரண்டு நாள் வேலை என்கிறார். மற்றவர், அடியோடு உடைத்து எடுக்காமல் பாவினால் ஒரே மழையில் கல் எல்லாம் எழும்பிவிடும் என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி என்பது நண்பரின் கேள்வி.

அந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பழைய கான்கிரீட் அடித்தளமாக நிற்கும் தகுதியோடு இருக்கிறதா என்பது ஒன்று; அப்படி இருந்தால், கல்லின் இடுக்கு வழியாக இறங்கும் மழைநீர் எந்த வழியாக வெளியேறும் என்பது மற்றொன்று. முதல் கேள்வியைப் பெரும்பாலானோர் கேட்கிறார்கள், இரண்டாவதை ஏறத்தாழ யாரும் கேட்பதில்லை. சென்னையிலும் புறநகரிலும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த வேலைகளைச் செய்தும் மேற்பார்வையிட்டும் வருகிறேன். கான்கிரீட்டின் மேல் பாவிய தளங்களில் நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை பலக்குறைவால் வந்தவை அல்ல, தண்ணீர் தேங்கியதால் வந்தவை. ஆகவே சுருக்கமான பதில்: தளம் அசையாமல் இருக்குமானால் அதை உடைக்கத் தேவையில்லை, மேலேயே பாவலாம், ஆனால் முதலாமவர் சொல்கிற மாதிரி இரண்டு நாளில் மணலைக் கொட்டிப் பாவக் கூடாது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பேவர் பிளாக் தளம் வழக்கமாக மண்ணின் மேல் ஜல்லிப் படுகையும் அதன் மேல் மணல் மெத்தையும் போட்டுப் பாவப்படுவது. மேலிருந்து இடுக்குகள் வழியே இறங்கும் நீர் மணலைக் கடந்து, ஜல்லியைக் கடந்து, மண்ணுக்குள் போய்விடும். ஜல்லிக்குப் பதிலாக அடியில் கான்கிரீட் இருந்தால் பாரம் தாங்குவதில் அது ஜல்லியைவிட ஒரு படி மேல்தான். கார் ஏறி இறங்குவதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் நீர் கீழே போக வழி இல்லை. கான்கிரீட்டுக்கும் கல்லுக்கும் நடுவே ஓர் அங்குல மணல் தட்டில் நீரை ஊற்றி வைத்தது போல ஆகிவிடும். அந்த நிலையில் கார்ச் சக்கரம் கல்லின் மேல் ஏறும்போது, ஊறிய மணலில் உள்ள நீர் அழுத்தப்பட்டு இடுக்கு வழியாகப் பீறிடும்; பீறிடும் நீர் மணலில் உள்ள நுண்தூளையும் கூடவே கொண்டுவரும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம். சில மாதங்களில் கல்லுக்கு அடியில் வெற்றிடம் விழுந்து கல் ஆடத் தொடங்கும்.

இதை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு வீட்டு முற்றத்தில் பழைய கான்கிரீட்டின் மேல் கிரஷர் தூளை, அதாவது ஜல்லி உடைக்கும்போது விழும் தூளை, பரப்பிப் பேவர் பாவிக் கொடுத்தேன். தூள் மட்டமாக விழுகிறது, விலையும் குறைவு, கொத்தனாருக்கும் கை சுலபம். அந்த ஆண்டு ஐப்பசி மழை முடிந்ததும் வீட்டுக்காரர் கூப்பிட்டு அனுப்பினார். வாசலில் இறங்கிய என்னை ஒரு குறிப்பிட்ட கல்லைக் காட்டி மிதிக்கச் சொன்னார். மிதித்தேன், சாம்பல் நிற நீர் கணுக்கால் வரை தெறித்தது. அந்தக் கல்லைக் கடப்பாரையால் நெம்பித் தூக்கிப் பார்த்தால், அடியில் இருந்தது மணலே அல்ல, கரைத்து வைத்த இட்லி மாவு. முழுவதையும் என் செலவில் எடுத்து மறுபடி பாவினேன். அன்றைக்குப் பிறகு கான்கிரீட்டின் மேல் கிரஷர் தூளை நான் அனுமதித்ததில்லை.

இனி உங்கள் தளத்துக்கு வருகிறேன். முதலில் அது அசைகிறதா என்று பார்க்க வேண்டும். கடப்பாரையின் மழுங்கிய முனையால், அல்லது ஒரு கிலோ சுத்தியலால், அடிக்கு ஓர் இடமாகத் தட்டிக்கொண்டே போங்கள். அடியில் மண் தாங்கும் இடத்தில் ஓசை ‘டக்’ என்று அடங்கி ஒலிக்கும்; மண் இறங்கி வெற்றிடம் விழுந்த இடத்தில் பானையைத் தட்டியது போல் ஒலிக்கும். ஒலி மாறும் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டுக் கொள்ளுங்கள். அடுத்தது விரிசல். விரிசலின் இரு கரைகளும் ஒரே மட்டத்தில் இருந்து, அகலம் மயிரிழை அளவாக இருந்தால் அது கான்கிரீட் உலரும்போது சுருங்கியதால் வந்தது. பதினைந்து ஆண்டுகளாக அப்படியே இருக்கிறதென்றால் இனியும் இருக்கும். ஒரு கரை மேலும் மறு கரை கீழுமாகப் படி விழுந்திருந்தால் அடியில் மண் நகர்ந்திருக்கிறது என்று பொருள். ஐயமாக இருந்தால் ஒருவரைக் காரை மெதுவாக ஓட்டச் சொல்லிவிட்டு விரிசலின் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்காருங்கள். கரைகள் ஒன்றுக்கொன்று எதிராக அசைந்தால் விரலுக்குத் தெரியும். அசையும் விரிசலின் மேல் எதைப் பாவினாலும் அந்த அசைவு மேலே வரும்.

அமுங்கிய மூலைக்குக் காரணம் சம்ப்தான் என்பது என் ஊகம். சம்ப் கட்டத் தோண்டிய பள்ளத்தைச் சுவருக்கு வெளியே மண் போட்டு மூடும்போது யாரும் தண்ணீர் விட்டு, அடுக்கடுக்காக இடித்து மூடுவதில்லை. அந்த மண் பல ஆண்டுகள் இறங்கிக்கொண்டே இருக்கும். ஆனால் சம்ப் கசிவதாலும் மண் இறங்கும் என்பதால், மூலையைச் சரிசெய்யும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். இரவு மோட்டாரையும் உள்ளே நீர் வரும் குழாயையும் அடைத்துவிட்டு, சம்ப் சுவரில் நீர்மட்டத்தைக் கோடு போட்டு வையுங்கள்; காலையில் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் முதல் வேலை சம்பைப் பார்ப்பதுதான். கசிவு இல்லையென்றால், அந்த மூலையையும் பானை ஒலி கேட்ட இடங்களையும் மட்டும் கட்டர் வைத்து நேர்கோட்டில் அறுத்து எடுத்து, மண்ணை நனைத்து இடித்து இறுக்கி, கம்பி வலை வைத்து எம்20 தரக் கான்கிரீட்டை மறுபடி போட்டுவிடலாம். அந்த இடம் உங்கள் தளத்தில் ஐம்பது சதுர அடிக்குள் அடங்கிவிட்டால் மேலே பாவுவது லாபம். மொத்தப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பானை ஒலி கேட்டால், இரண்டாமவர் சொல்வதுபோல் உடைத்துவிடுவதுதான் நல்லது.

ஆனால் உடைப்பது தானாகவே சிறந்த தளத்தைத் தந்துவிடாது. கான்கிரீட்டை எடுத்த பிறகு, மண்ணை இறுக்கி அதன் மேல் குறைந்தது 6 அங்குலம் ஜல்லிக் கலவையை இரண்டு அடுக்காகப் போட்டு, ரோலரோ காம்பாக்டரோ வைத்து இறுக்கிய பிறகுதான் மணலுக்கே போக வேண்டும். வீட்டு வேலைகளில் இது ஒழுங்காக நடந்து நான் பார்த்தது குறைவு. உடைத்த கான்கிரீட் துண்டுகளையே பரப்பி, மேலே கொஞ்சம் தூளைக் கொட்டிப் பாவிவிடுவார்கள். இல்லையென்றால், உடைத்ததற்கும் குப்பை அள்ளியதற்கும் காசு வாங்கிக்கொண்டு, ‘சார், அடியில ஒரு பி.சி.சி. போட்டுட்டா நல்லா இருக்கும்’ என்று மறுபடி கான்கிரீட் போடச் சொல்வார்கள். நல்ல கான்கிரீட்டை உடைத்துவிட்டு மட்டமான கான்கிரீட்டைப் போடுவதற்கு என்ன அவசியம் என்று கேட்டால் பதில் வராது.

அடுத்து உயரம். 60 மி.மீ. கல்லும், இறுக்கிய பிறகு 30 மி.மீ. மணலும் சேர்ந்தால் 90 மி.மீ., அதாவது மூன்றரை அங்குலம். தளம் முழுவதும் அவ்வளவு உயரும். உங்கள் போர்டிகோவுக்கு 7 அங்குலம் இருப்பதால் பாதி மிஞ்சும் என்று தோன்றும். ஆனால் வாட்டத்தையும், அதாவது நீர் ஓடுவதற்கான சரிவையும், சேர்த்துப் பார்க்க வேண்டும். வழுவழுப்பான கான்கிரீட்டில் நீர் ஓடக் குறைந்த வாட்டம் போதும். இடுக்குகள் நிறைந்த பேவர் தளத்தில் போதாது. பத்து அடிக்கு 2 அங்குலம் என்பது நான் கொள்ளும் அளவு. இடமில்லாதபோது பத்து அடிக்கு ஒன்றரை அங்குலம் வரை இறங்கி வருவேன், அதற்குக் கீழே போக மாட்டேன். உங்களுடையது 28 அடிக்கு 3 அங்குலம், அதாவது பத்து அடிக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்றுதான் அதிகம். இந்தக் குறையைச் சரிக்கட்ட மணலைப் போர்டிகோ பக்கம் கனமாகவும் கேட் பக்கம் மெல்லியதாகவும் பரப்புவது நம்மூரில் சர்வ சாதாரணமாக நடக்கிற தவறு. மணல் மெத்தை எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் இருக்க வேண்டும், 20 மி.மீ.க்குக் குறையவும் கூடாது, 40 மி.மீ.யைத் தாண்டவும் கூடாது. கனமான இடத்தில் மணல் அதிகமாக அமுங்கும், சக்கரம் ஓடும் தடத்தில் இரண்டு வாய்க்கால்கள் விழுந்துவிடும். வாட்டம் எதுவாக இருந்தாலும் அதைக் கான்கிரீட்டிலேயே கொண்டுவந்துவிட்டு, மணலை அதன் மேல் சீராக விரிக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் இதற்கு நான் செய்யக்கூடியது இது. போர்டிகோ முனையில் ஒன்றரை அங்குலத்தில் தொடங்கி கேட் பக்கம் நோக்கி மெலிந்து போகும்படி, சிறுஜல்லி போட்ட கலவையால் ஒரு மேல்பூச்சு கொடுப்பேன். பழைய பரப்பைக் கொத்திவிட்டு, கழுவி, சிமென்ட் பால் அடித்த பிறகே போட வேண்டும். மெலிந்து போகும் முனை அரை அங்குலத்துக்குக் கீழே போனால் செதிலாகப் பெயர்ந்துவரும் என்பதால், பூச்சு முடியும் இடத்தில் பழைய கான்கிரீட்டில் குறுக்கே அரை அங்குல ஆழத்துக்குக் கொத்தி, அந்தப் பள்ளத்தில் கொண்டுபோய் முடிப்பது வழக்கம். கேட் முனையில் இதற்கு நேர்மாறான வேலை: கடைசி 4 அடிக் கான்கிரீட்டை அறுத்து எடுத்துவிட்டு, மூன்றரை அங்குலம் தாழ்த்திப் புதிதாகப் போட்டால்தான் கல் பாவிய பிறகும் கேட்டின் அடி உரசாது, தெருவோடு படியும் விழாது. சிலர் இதைச் செய்யாமல் கேட்டின் அடிக்கம்பியை அறுத்து வெல்டிங் செய்துவிட்டு, வெளியே தெருவில் சாய்தளம் போட்டுக் கொடுப்பார்கள். அந்தச் சாய்தளம் மழைநீர் வடிகாலை அடைக்கும், பக்கத்து வீட்டாரோடு சண்டையும் வாங்கிக் கொடுக்கும், வேண்டாம். இவ்வளவும் செய்த பிறகு போர்டிகோவுக்கு மிஞ்சும் உயரம் 2 அங்குலம். அதற்கும் குறைந்தால் சாய்ந்தடிக்கும் மழையில் நீர் உள்ளே வரும். சம்ப் மூடி, செப்டிக் டேங்க் மூடி, மழைநீர்த் தொட்டியின் மூடி ஆகியவற்றின் சட்டங்களையும் அதே அளவு உயர்த்த வேண்டும். இதை முன்கூட்டிப் பேசிவிடாவிட்டால், மூடியின் மேலேயே கல்லைப் பாவிவிட்டு, ‘தேவைப்படும்போது எடுத்துக்கலாம்’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

சாலையை ஒவ்வொரு முறையும் சுரண்டாமல் மேலே மேலே போட்டு உயர்த்தியதால் வீடு பள்ளத்துக்குப் போய்விட்டவர்கள், முற்றத்தை உயர்த்துவதற்காகவே பேவர் பாவ நினைக்கிறார்கள். உங்கள் தெருவும் அப்படியென்றால் மேலே சொன்ன கேட் ஏற்பாடு பொருந்தாது. வெளிநீர் உள்ளே வராமலிருக்க கேட்டின் கீழ் ஒரு மேடும், அதற்கு உட்புறம் நீரைப் பிடிக்க ஒரு வாய்க்காலும் வேண்டும்.

இப்போது தண்ணீர். மேலே ஓடும் நீரைப் பற்றி எல்லோரும் யோசிப்பார்கள். நான் சொல்வது மணலுக்குள் இறங்கி, பழைய கான்கிரீட்டின் முதுகில் ஊர்ந்து வரும் நீரை. அது வாட்டத்தோடு மெதுவாகக் கேட் பக்கம் வந்து சேரும். அங்கே விளிம்புக் கல்லை நிறுத்தக் கலவை போட்டு அணை கட்டிவிட்டால், வந்த நீர் அங்கேயே நின்றுவிடும். பெரும்பாலான வீடுகளில் கேட் அருகே இருக்கும் முதல் நான்கைந்து வரிசைகள் மட்டும் ஆடுவது இதனால்தான். கேட்டுக்குச் சற்று உட்புறம் தளத்தின் முழு அகலத்துக்கும் கிரேட்டிங் மூடிய வாய்க்கால் ஒன்று கட்டி, அதன் உட்சுவரில், அந்த இடத்தில் அடியில் உள்ள கான்கிரீட்டின் மட்டத்துக்குச் சரியாக, மூன்றடிக்கு ஒன்றாக ஓர் அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டுகளைச் செருகி வையுங்கள். குழாயின் உள்வாயில் ஜியோ டெக்ஸ்டைல் துணியைக் கட்டிவிட்டால் நீர் வரும், மணல் வராது. வாய்க்காலின் நீரை மழைநீர் சேகரிப்புக் குழிக்குத் திருப்பிவிடலாம். தமிழ்நாட்டில் 2003-லிருந்து எல்லாக் கட்டடங்களுக்கும் அந்த ஏற்பாடு கட்டாயம் என்பதால் உங்கள் வீட்டிலும் ஏதோ ஒரு வடிவில் அது இருக்கும், தூர்ந்து போயிருந்தாலும்.

கான்கிரீட்டில் ஆங்காங்கே 50 மி.மீ. துளை போட்டு, சிறு ஜல்லியால் நிரப்பி, மேலே துணி போட்டு மூடும் முறை ஒன்று உண்டு. வெளிநாட்டுக் கையேடுகள் இதைத்தான் முதலில் சொல்கின்றன. மணற்பாங்கான மண்ணில் இது மிக நன்றாக வேலை செய்யும். பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கம் நான் தயங்காமல் செய்வேன். களிமண்ணில் துளை வழியே இறங்கிய நீர் எங்கும் போகாது, அடைமழைக் காலத்தில் நிலத்தடி நீர் ஏறிவிட்டால் துளை வழியே மேலே வருவதும் உண்டு. உங்கள் பகுதியில் மண் தெருவுக்குத் தெரு மாறும். அமுங்கிய மூலையை அறுத்தெடுக்கும்போது ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து நனைத்து உருட்டிப் பாருங்கள். பென்சில் கனத்துக்குக் கயிறாகத் திரிந்து உடையாமல் நின்றால் களிமண். அப்படியானால் துளையை விட்டுவிட்டு வாய்க்காலை மட்டும் நம்புங்கள். பேவர் பாவினால் முற்றத்து நீர் மண்ணுக்குள் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறதே, அது கான்கிரீட்டின் மேல் பாவும்போது செல்லாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மணலைப் பற்றி. ஆற்று மணலை நாடிப் போக வேண்டியதில்லை. கழுவிய எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்), கான்கிரீட்டுக்குப் பயன்படும் ரகம், போதும். பூச்சு வேலைக்கான நைஸ் ரகம் மெத்தைக்கு ஆகாது. வந்து இறங்கிய லோடில் ஒரு கைப்பிடியை எடுத்து, வாய் அகன்ற கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, நீர் ஊற்றிக் குலுக்கி, ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். மணல் அடியில் படியும், தூள் அதன் மேல் தனி அடுக்காகப் படியும். மணல் நான்கு விரல் உயரம் இருக்க, தூள் அடுக்கு ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) அளவுக்கு இருந்தால் ஏற்கலாம். அரை விரல் இருந்தால் அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள். மணலை விரிக்கும் முன் அசையாத விரிசலின் மேல் இரண்டடி அகலத்துக்கு ஜியோ டெக்ஸ்டைல் துணியைப் போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் மணல் விரிசல் வழியே இறங்கும். விரிக்க, ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல் வெளிவிட்டம் உள்ள இரண்டு இரும்புக் குழாய்களைத் தண்டவாளம் போலக் கிடத்தி, அவற்றின் மேல் மட்டப்பலகையை இழுத்து வந்தால் கனம் தானாகச் சீராகிவிடும். இழுத்த மணலின் மேல் யாரும் கால் வைக்கக் கூடாது. பாவிய கல்லின் மேல் நின்றுகொண்டு முன்னோக்கிப் பாவிப் போக வேண்டும்.

கல்லின் கனம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐ.எஸ். 15658 என்ற இந்தியத் தர அளவீட்டின் 2006 பதிப்பு, கார் நிறுத்தும் இடம், வீட்டுக் குடியிருப்புச் சாலை போன்றவற்றை இலகுப் போக்குவரத்து என்று வகுத்து, எம்35 தரத்தில் 60 மி.மீ. கனம் சொல்கிறது. உங்களுக்கு அது போதும். ஒரே ஒரு விதிவிலக்கு: கோடையில் தண்ணீர் லாரி உள்ளே வந்து சம்பை நிரப்புகிற வழக்கம் உண்டானால் 80 மி.மீ. போடுங்கள். 12,000 லிட்டர் லாரியில் நீர் மட்டுமே 12 டன். அப்போது உங்கள் 4 அங்குலக் கான்கிரீட்டையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். லாரி தெருவிலேயே நின்று குழாய் விட்டால் எல்லோருக்கும் நல்லது.

கனத்தைவிடக் கல்லின் தரம் முக்கியம். ரப்பர் அச்சில் ஊற்றி எடுக்கும் பளபளப்பான கல் பார்வைக்கு அழகு, மழையில் வழுக்கும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. இயந்திரத்தில் அழுத்தி எடுத்த சொரசொரப்பான கல்லே மேல். அதே 2006 பதிப்பின்படி கல் உறிஞ்சும் நீர் சராசரியாக 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வீட்டிலேயே தோராயமாகப் பார்க்கலாம்: மாதிரிக் கல்லை மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைத்து எடைபோட்டு, ஒரு முழு நாள் வாளி நீரில் மூழ்கவிட்டு, துடைத்து மறுபடி எடைபோடுங்கள். 4 கிலோ கல்லில் கால் கிலோ ஏறினால் வேண்டாம். வெயிலில் காய்ந்த கல்லில் கொஞ்சம் ஈரம் மிச்சமிருக்கும் என்பதால், உண்மையான அளவு நீங்கள் காண்பதைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும். சோதனைக் கூட அறிக்கைக்கு இது மாற்று அல்ல. ஆனால் அறிக்கை எந்தக் கல்லுக்கு எடுத்தது என்று நமக்குத் தெரியாது, வாளியில் இருப்பது நம் கல்.

அடுக்கும் விதத்தில், செவ்வகக் கல்லென்றால் மீன்முள் போல மாற்றி மாற்றிச் சாய்த்துப் பாவுவதே கார் ஓடும் இடத்துக்கு உகந்தது. பிரேக் போடும்போது சக்கரம் கல்லை முன்னே தள்ளும். மீன்முள் அடுக்கில் அந்தத் தள்ளல் பல கல்லுக்குப் பகிர்ந்துபோகும். ஜிக்ஜாக் கல்லும் நல்லதே. வரிசையாக அடுக்கும் சதுரக் கல்லை நடைபாதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இடுக்கு 2 முதல் 4 மி.மீ. வரை இருக்க வேண்டும். கல்லோடு கல் முட்டப் பாவினால் ஓரங்கள் சிதறும், இடுக்கில் மணல் இறங்காது.

விளிம்பு கட்டாமல் பாவிய தளம், கட்டாத மூட்டை. இரு பக்கமும் மதில் சுவர் இருந்தால் அதுவே தாங்கும் என்று விட்டுவிடலாம். திறந்த பக்கம் இருந்தால் கெர்ப் எனும் விளிம்புக் கல்லைப் பழைய கான்கிரீட்டின் மேலேயே கலவையில் உட்காரவைத்து, மூன்றடிக்கு ஒன்றாகக் கான்கிரீட்டில் துளைபோட்டு 10 மி.மீ. கம்பி இறக்கி, முதுகுப் பக்கம் கலவையால் அணைத்துவிட வேண்டும். வழுவழுப்பான பழைய பரப்பில் வெறும் கலவை மட்டும் பிடிக்காது. சுவரோரம் இடத்தை நிரப்ப வெட்டிய துண்டான பிள்ளைக் கல் வைக்க வேண்டியிருந்தால், கால் கல்லுக்குக் குறைந்த துண்டை வைக்காமல், அடுத்த கல்லையும் சேர்த்து வெட்டிப் பெரிதாக வைக்கச் சொல்லுங்கள்.

பாவி முடித்ததும், அதிரும் தகட்டால் இறுக்கும் பிளேட் காம்பாக்டர் ஓட்ட வேண்டும். வீட்டு வேலைக்கு வரும் பலர் இந்த இயந்திரத்தைக் கொண்டுவருவதில்லை. ரப்பர் சுத்தியலால் ஒவ்வொரு கல்லாகத் தட்டிவிட்டு முடிந்தது என்பார்கள். சுத்தியல் கல்லை மட்டமாக்கும், மணலை இறுக்காது. அந்த இறுக்கத்தை அப்புறம் உங்கள் கார் செய்யும், சக்கரம் ஓடும் இடத்தில் மட்டும். அடியில் கான்கிரீட் இருப்பதால் அதிர்வு திரும்பி மேலே வரும், எனவே காம்பாக்டரின் அடித்தகட்டில் ரப்பர் மேட் கட்டி ஓட்டினால் கல்லின் முனை உடையாது. முதலில் ஒரு முறை ஓட்டி, பிறகு நன்றாக உலர்ந்த நைஸ் மணலைத் துடைப்பத்தால் இடுக்குகளில் தள்ளி, மறுபடி இரண்டு முறை ஓட்ட வேண்டும். ஈர மணல் இடுக்கின் வாயிலேயே நின்றுவிடும். இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை மணல் தள்ள ஆள் அனுப்புவதையும் ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மணலே வேண்டாம், சிமென்ட் கலவை போட்டு ஒட்டிவிடலாம் என்றும் யாராவது சொல்வார்கள். அதைத் தவறு என்று ஒதுக்க மாட்டேன். போர்டிகோ உயரம் இடம் தராத வீடுகளில் மெல்லிய கல்லைக் கலவையில் ஒட்டுவதைத் தவிர வேறு வழி இருக்காது. ஆனால் அப்போது அது பேவர் தளம் அல்ல, ஓடு ஒட்டிய கான்கிரீட் தளம். அடியில் உள்ள கான்கிரீட்டின் விரிசலும் இணைப்பும் எங்கே இருக்கிறதோ அதே இடத்தில் மேலேயும் இடைவெளி விட வேண்டும்; சித்திரை வெயிலில் நீள்வதற்கு இடமில்லாவிட்டால் கூரை போல நிமிர்ந்துவிடும். உப்புப் பூத்து வெள்ளை படர்வதும் இந்த முறையில் அதிகம். குழாய் பழுதானால் கல்லை முழுதாக எடுக்கவும் முடியாது. மணலையும் சிமென்ட்டையும் உலர்வாகக் கலந்து விரித்துப் பாவும் நடுவழி ஒன்று இங்கே புழக்கத்தில் இருக்கிறது. அதில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஒரு மழைக்குள் சில இடம் பாறையாகவும் சில இடம் மணலாகவும் ஆகி, கல் அங்கங்கே ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்து பத்து ஆண்டு நன்றாக இருக்கும் ஒரு தளமும் எனக்குத் தெரியும் என்பதால், கூடவே கூடாது என்று சொல்லமாட்டேன்.

நேரில் பார்க்காமல் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். நீங்கள் அனுப்பிய அளவுகள் டேப் வைத்து எடுத்தவையா, டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் நீர்க்குழாய்) வைத்து எடுத்தவையா என்பதைப் பொறுத்து வாட்டக் கணக்கு ஓர் அங்குலம் மாறலாம். அந்த ஓர் அங்குலம் உங்கள் போர்டிகோவுக்குப் பெரிது. ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன், ஒரு மாலை வேளையில் தளத்தைப் பெருக்கிவிட்டு, போர்டிகோ ஓரத்திலிருந்து பத்து வாளி நீரை ஒரே சீராக ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்து எங்கெல்லாம் நீர் தேங்கி நிற்கிறதோ அந்த ஓரங்களைச் சாக்பீஸால் வரைந்து, ஆழத்தை ஒரு தீக்குச்சியால் அளந்து பக்கத்தில் எழுதி, மேலிருந்து ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். பூச்சு எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதை அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேலை முடிய வேண்டுமானால் ஆகஸ்டு இறுதிக்குள் இதைச் செய்துவிடுங்கள். மேல்பூச்சும் புதுக் கான்கிரீட்டும் நீரில் ஊறி இறுக மூன்று வாரமாவது வேண்டும்.